கால் அங்குலம்

12 போர் துவக்கின் தோட்டா அறைக்குப் பெரும்பாலும் இரண்டு நீளங்கள். பழைய இங்கிலாந்துத் துவக்குகளில் 2½ அங்குலம், பிந்தி வந்தவற்றில் 2¾. மில்லிமீற்றர்க் கணக்கில் இவற்றை 65 என்றும் 70 என்றும் எழுதுவார்கள். வவுனியாவில் நான் துவக்குத் திருத்திய காலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்தக் கால் அங்குலத்தில்தான் போய் முடியும்.

பட்டறை மாமாவுடையது. கண்டி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் துவக்கு வைத்திருக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், திருத்தவும் வேண்டும். மாமாவின் பத்திரம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. வருகிற துவக்கின் இலக்கத்தையும் கொண்டுவந்தவரின் பத்திரத்தையும் ஒத்துப் பார்த்துக் கொப்பியில் பதிந்த பிறகுதான் அதைக் கையால் தொடுவார். இடியன் துவக்கைப் படலைக்குள்ளேயே விடமாட்டார். கட்டுத்துவக்கு என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் மாறிவிடும். பன்றிக்கென்று கட்டியது விறகுக்குப் போனவனின் காலை வாங்கிய கதைகள் வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு.

ஓமந்தை, நெடுங்கேணி, செட்டிகுளம், கனகராயன்குளம் என்று நாலா பக்கமிருந்தும் கமக்காரர் வருவார்கள். காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வரும்போது பன்றி இறங்கத் தொடங்கும். கதிர் முற்றினால் யானை. இரவெல்லாம் பரணில் கண்விழித்துக் காவல் இருந்துவிட்டு, சிவந்த கண்ணோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கும் மனிதரிடம் சட்டமும் கணக்கும் பேசுவது இலேசல்ல.

“அண்ணை, இந்தத் தோட்டா பன்றிக்குக் காணாது. பெரிய தோட்டா போடுற மாதிரி அறையைக் கொஞ்சம் வெட்டி விடுங்கோ” என்பார்கள் மாமாவிடம்.

வேறு சிலர் அதைக்கூடக் கேட்கமாட்டார்கள். அவர்கள் துவக்கோடு வருவது அது ஆடுகிறது என்று சொல்லத்தான். குழல் மடியும் இடத்து ஆணி தளர்ந்திருக்கும். பூட்டை அடைத்த பிறகும் குழலுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். மரத்திலே, பூட்டுக்குப் பின்னால், முடி கனத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். மாமா முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“சுட்ட கோது ஏதும் கிடக்கோ?”

கோதைப் பார்த்தால் அவருக்குப் பாதிக் கதை விளங்கிவிடும். வாய் வட்டமாக, சுத்தமாக விரிந்திருந்தால் துவக்கும் தோட்டாவும் ஒத்துப்போகின்றன. வாயோரம் பிய்ந்து, நார் நாராகி, முன்னுக்கு இழுபட்டிருந்தால் நீளத் தோட்டாவைக் குட்டை அறைக்குள் போட்டுச் சுட்டிருக்கிறார்கள்.

இதை அந்த மனிதர்களுக்கு விளங்கவைப்பதுதான் பெரும் பாடு. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. “தோட்டா உள்ளுக்கு நல்லா போகுது. துவக்கும் பூட்டுது. பிறகென்ன?” உண்மைதான், போகும், பூட்டும். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 70 என்ற எண் சுட்ட பிறகு விரிந்த கோதின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்ளே மடிக்கப்பட்டிருப்பதால் அது 60 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் இருக்கும். ஆகவே 65 அறைக்குள் அது தடையில்லாமல் இறங்கிவிடும். வில்லங்கம் விசையை இழுத்த பிறகு. மடித்த வாய் முன்னுக்கு விரிகிறது. அறை முடிந்து குழல் ஒடுங்கும் சரிவுக்குள் போய் அது பதிகிறது. அறையின் விட்டம் இருபது மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, குழலின் விட்டம் பதினெட்டரை. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சரிவில் கோதின் கனமும் சேர்ந்தால் ஈயமும் அடைப்பானும் போக வழி சிறுத்துவிடும். பின்னால் மருந்து எரிந்துகொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

அன்றைக்கே குழல் வெடித்துவிடும் என்றில்லை. வெடித்திருந்தால் எல்லோரும் அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். தோள் நோகும், சத்தம் கனக்கும், “நல்ல வேகமான தோட்டா” என்று மகிழ்ந்து இன்னொரு பெட்டி வாங்குவார்கள். இரண்டு மூன்று போகம் போன பிறகு ஆணி தளர்ந்து பட்டறைக்கு வரும்.

இனி, வெட்டுவதைப் பற்றி. அறையை 2½இலிருந்து 2¾ ஆக்குவது வேலை என்ற அளவில் பெரிய வேலையல்ல. அதற்கென்று செய்த ரீமர் உண்டு. அதன் முன்னுனியில் குழலின் விட்டத்துக்குப் பொருந்தும் ஒரு வழிகாட்டித் தண்டு இருக்கும், வெட்டு நடுவைவிட்டு விலகாமல் அது பிடித்துக்கொள்ளும். மாமா இதை ஒருநாளும் லேத்தில் பூட்டிச் சுற்றியதில்லை. குழலை வைஸில் ஈயத் தகடு வைத்துக் கட்டி, எண்ணெய் விட்டு, கையாலேயே சுற்றுவார். ஒரு சில சுற்று, வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்து, திரும்பவும் ஒரு சில சுற்று. சீவல் உள்ளே தங்கினால் சுவரில் கீறல் விழும், கீறல் விழுந்த அறையில் கோது இறுகிக்கொள்ளும். கடைசியில் ஈயத்தில் வார்த்த தண்டில் எமரியும் எண்ணெயும் பூசி மினுக்குவார். அது என் வேலையாக இருந்தது. கை ஓயும்வரை மினுக்கிவிட்டு விளக்கை நோக்கிக் குழலைப் பிடித்தால் உள்ளே வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒழுங்காகத் தெரியும். ஒரு வளையம் நெளிந்தாலும் “திரும்ப” என்பார்.

ஆனால் ரீமரை எடுக்கும் முடிவுக்கு வருவதற்கு முன் நடப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம். நான் பழகியவற்றில் இன்றைக்கும் மதிப்பது அதைத்தான்.

முதலில் முத்திரை. குழலைக் கழற்றி, அறையின் அடிப்பக்கத்தைத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்களிடம் வந்த பழைய துவக்குகளில் அநேகம் பேர்மிங்காமில் செய்தவை. அங்கே 1813 முதல் சட்டத்தால் அமைந்த ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. வழக்கமான தோட்டாவைவிட வலிய மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அவர்கள் முத்திரை குத்துவார்கள். முத்திரை எந்தக் காலத்தது என்று தெரிந்தால் துவக்கு என்ன சொல்கிறது என்று தெரியும். 1925க்கு முற்பட்டதில் புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் ஈயத்தின் உச்ச நிறை குத்தியிருக்கும், 1⅛ அவுன்ஸ் என்பதுபோல. 1925 விதிகளுக்குப் பிறகு அறையின் நீளமும் வந்துவிட்டது. 1954க்குப் பிறகு அழுத்தத்தையும் சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் என்று குத்தினார்கள்: 2½ அறைக்கு 3 தொன், 2¾ அறைக்கு 3¼ தொன். அந்தக் கால் தொன்னை எடுத்துக்காட்டி மாமா கமக்காரரிடம் பேசுவார். “அறையை நான் வெட்டித் தரலாம். இந்தக் கால் தொன்னை நான் எங்கேயிருந்து தாறது?”

இங்கிலாந்தில் அறையை நீட்டினால் குழலைத் திரும்பவும் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும், பழைய முத்திரை செல்லாது. இலங்கையில் அப்படியொரு சோதனைச்சாலை இல்லை. ஆகவே வவுனியாவில் வெட்டிய ஒரு குழலுக்கு முதற் சோதனை அதைச் சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கும். மாமாவின் எச்சரிக்கை முழுவதும் இதிலிருந்து வந்தது.

அடுத்தது உள்ளளவு. முத்திரையில் 2½ என்று இருந்தாலும் இடையில் யாரோ வெட்டியிருக்கலாம். அதை அறிய அறைக்கு வார்ப்பு எடுப்போம். அறையைச் சுத்தமாக்கி எண்ணெய் பூசி, சரிவுக்கு அப்பால் குழலைத் துணியால் அடைத்து, கந்தகத்தை உருக்கி, கொஞ்சம் விளக்குக்கரி கலந்து ஊற்றுவது. கந்தகம் 115 பாகை அளவில் உருகும். அடுப்பு கூடினால் நீலச் சுவாலையில் பற்றி மூக்கைப் பிடுங்கும், அதனால் இந்த வேலை எப்போதும் கொல்லைப்புறத்தில்தான். ஆறியதும் மெதுவாகத் தள்ளினால் அறையின் அச்சு, சரிவு உட்பட, முழுசாகக் கையில் வரும். அதை வேணியரால் அளப்போம். யாரோ முன்பு கோணலாக வெட்டியிருந்தால் அந்தக் கோணலும் அச்சில் அப்படியே இருக்கும்.

பிறகு சுவரின் கனம். குழலின் வெளிப்புறம் அறைக்கு மேலே தடித்திருக்கும், முன்னே போகப்போக மெலியும். துவக்கைச் செய்தவன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உருக்கை விட்டு, குறையும் இடத்தில் எடுத்திருக்கிறான். அறையை நீட்டும்போது நாம் உருக்கைச் சுரண்டுவது சரியாக அவன் மெலிக்கத் தொடங்கிய இடத்தில். சரிவு இருந்த இடம் முழு விட்டத்துக்கு வரும்போது ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைய உருக்குப் போய்விடும். தடித்த ஒற்றைக்குழல் துவக்கில் அது பெரிதல்ல. நல்ல விலைக்குச் செய்த இரட்டைக்குழல்கள், கைக்குப் பாரமில்லாமல் இருக்கட்டும் என்று மெலிதாய்ச் செய்தவை, அவற்றில் அந்த ஒரு மில்லிமீற்றர் உயிருக்குச் சமம். விலை கூடிய துவக்கு கூடுதலாகத் தாங்கும் என்று நம்பி வருபவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும்.

சுருள்குழல் வந்தால் பேச்சே இல்லை. இரும்பும் உருக்குமாய்ப் பட்டிகளை முறுக்கிச் சுற்றி அடித்து இணைத்த டமாஸ்கஸ் குழல்கள் சில பழைய குடும்பங்களில் இருந்தன. மேலே கறுப்பு ஏறி மூடியிருக்கும். முன்மரத்துக்குக் கீழே மறைந்த இடத்தில் மென்னமிலம் தடவினால் கோலம் எழும்பும். அதைக் கண்டதும் மாமா குழலைத் துடைத்து எண்ணெய் பூசி மூடி, கூலி வாங்காமல் திருப்பிக் கொடுப்பார்.

இவ்வளவும் பார்த்து, சுவர் கனமாக இருந்து, முத்திரையும் இடம்கொடுத்து, வெட்டிக் கொடுத்தவை உண்டு. அவற்றையும் கொடுக்கும்போது மாமா ஒன்று சொல்லுவார், எல்லோருக்கும் அதே சொல்: “நீளத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறன். பாரத்துக்கு விடேல்லை.” நீளமும் பாரமும் வேறு வேறு என்பது நானும் மெல்லத்தான் பிடித்துக்கொண்ட சங்கதி. அறை நீண்டால் 70 கோது விரிய இடம் கிடைக்கும், அவ்வளவே. 1¼ அவுன்ஸ் ஈயம் தள்ளும் உதையை ஆணியும் பூட்டும் மரமும் தோளும் வாங்கத்தான் வேண்டும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பேர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிறீனர் என்ற பெயர்பெற்ற துவக்குச் செய்பவர் சொன்னது: துவக்கின் நிறை அது எறியும் ஈயத்தைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 1⅛ அவுன்சுக்கு 108 அவுன்ஸ், அதாவது 6¾ றாத்தல். 1¼ அவுன்சுக்கு 7½ றாத்தல். ஆறரை றாத்தல் துவக்கில் அறையை எவ்வளவு நீட்டினாலும் அந்த ஒரு றாத்தல் வந்து சேராது.

இலங்கைக் காட்டில் பாரக் குண்டைத் தேடிய முதல் ஆட்கள் எங்கள் கமக்காரர் அல்ல. 1840களில் இங்கே வந்து நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கரின் ரைபிள் பிரிஸ்டல் நகரத்தின் கிப்ஸ் செய்தது. நிறை 21 றாத்தல், குழல் 36 அங்குலம். உருண்டைக் குண்டென்றால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டென்றால் 4 அவுன்ஸ், மருந்து 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ். கிறீனரின் கணக்கை அதற்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உருண்டைக்கு 18 றாத்தல், கூம்புக்கு 24. பேக்கரின் 21 சரியாக நடுவில் விழுகிறது. கூடுதல் பாரத்தைத் தாங்க அவர் கூடுதல் இரும்பைச் சுமந்தார், சுமக்க ஆட்களும் வைத்திருந்தார். எங்கள் பகுதிக்கு அந்தக் காலம் நல்ல காலமல்ல. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3,500 யானைகளுக்கு அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று வெகுமதி கொடுத்ததாக அக்காலத்தில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். வன்னியில் யானைக்கும் துவக்குக்கும் உள்ள கணக்கு அங்கேயிருந்து வருகிறது. 1937இல் வனவிலங்குகளுக்கான கட்டளைச் சட்டம் வந்த பிறகு அது மாறியது.

ரைபிள் எங்கள் பட்டறைக்கு அருமையாகத்தான் வரும். ஆனாலும் பெரிய ரைபிளின் அறைக் கணக்கை மாமா எனக்குச் சொல்லித்தந்தார், பிறகு நானும் தேடி வாசித்தேன். சொட்கன்னில் பாரம் கூடினால் ஈயத்தின் நிரை உயரும். ரைபிளில் குண்டின் விட்டம் மாறாது, பாரம் கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டு எங்கே போவது? முன்னுக்கு, வரிகள் தொடங்குவதற்கு முன்னுள்ள தொண்டைக்குள் போகலாம். தொண்டை குட்டை என்றால் பின்னுக்கு, மருந்து இருக்க வேண்டிய இடத்துக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் பாரக் குண்டு வேண்டுபவர்கள் தொண்டையை நீட்டுகிறார்கள். குண்டை வெளியே தள்ளி உட்காரவைத்து மருந்துக்கு இடம் மீட்பது அதன் நோக்கம்.

வின்செஸ்டர் 1956இல் ஆபிரிக்க யானைக்கென்று விட்ட .458 தோட்டா இதற்கு நல்ல உதாரணம். 500 கிரெயின் குண்டு, நம் கணக்கில் 32 கிராமுக்குச் சற்றுக் கூட. கோதின் நீளம், விசித்திரமாக, அதே 2½ அங்குலம். அந்தக் குட்டைக் கோதுக்குள் அவ்வளவு நீண்ட குண்டும் இறங்கினால் மருந்தை அமுக்கித்தான் அடைக்க வேண்டும். அமுங்கிய மருந்து கட்டிபட்டு, சொன்ன வேகம் வரவில்லை என்ற புகார் எழுந்தது. மொசாம்பிக்கில் 1959இல் எருமை குத்தித் தப்பிய ஜாக் லொட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் 1971இல் கோதை 2.8 அங்குலமாக நீட்டி ஒரு தோட்டாவை ஆக்கினார். பழைய .458 ரைபிளின் அறையை ரீமரால் நீட்டினால் அது லொட்டின் தோட்டாவை ஏற்கும், பழைய தோட்டாவையும் சுடும். கேட்க எங்கள் கால் அங்குலத்தைப்போலவே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் அந்த ரைபிளின் அறைச்சுவர் தடித்தது, பூட்டு அந்த அழுத்தத்துக்கென்றே செய்தது. அங்கே குறையாக இருந்தது இடம். எங்களிடம் வந்த துவக்குகளில் இடத்துக்கு முன்னம் வலுவே குறைவு.

இன்னொரு கூட்டமும் அறையைப் பெருப்பிக்கச் சொல்லி வரும், வேறு காரணத்துக்காக. அப்போது தோட்டாக்கள் கடதாசிக் கோது. மாரி மழையில் ஈரம் இழுத்து ஊதிவிடும், அறைக்குள் இறங்காது. துவக்கில் பிழை என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். மாமா உலர்ந்த தோட்டாவொன்றை எடுத்துப் போட்டுக் காட்டி அனுப்புவார். ஊதின தோட்டாவை அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி அவர் மன்றாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும் என்பதை அவர்கள் நம்பவில்லை. வீட்டுக்காரிக்குச் சொல்லுங்கோ, அவ கேட்பா, என்று கடைசியில் மனைவிமாருக்கே சொல்லியனுப்பினார்.

1980களின் தொடக்கத்தோடு இதெல்லாம் போயிற்று. வடக்கில் வீடுகளிலிருந்த உரிமத் துவக்குகளில் சில பொலிசுக்குப் போயின, சிலவற்றை இயக்கங்கள் கொண்டுபோயின. திருத்துவதற்குத் துவக்கில்லாத ஊரில் மாமாவின் பத்திரத்தை யாரும் புதுப்பிக்கவும் இல்லை. நான் லேத்தோடு நின்றுவிட்டேன். தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரமும் என் பிழைப்பாயின. ரீமரை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தோம். பிறகு ஓடுப்பட்ட ஓட்டங்களில் அதுவும் இல்லை.

இப்போது பயிர்க்காவலுக்குத் துவக்கு வேண்டுமென்று கேட்கும் குரல் மறுபடி கூடியிருக்கிறது. பன்றியும் யானையும் குறையவில்லை. இரைக்குள் ஒளித்துவைக்கும் பன்றிவெடியில் வாய் சிதறிய யானை நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாவதை இந்த நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைவிட, சட்டப்படி ஒரு கமக்காரன் கையில் ஒழுங்கான துவக்கும் ஒழுங்கான தோட்டாவும் இருப்பது ஆயிரம் மடங்கு மேல் என்றே நினைக்கிறேன். யானைக்குத் துவக்கு மருந்தல்ல, அதற்கு வேலியும் ஊர்கூடிய காவலும்தான்.

பன்றிக்குப் பெரிய தோட்டா வேண்டும் என்று இன்றும் என்னைத் தேடிவந்து கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது தூரத்தை. 1⅛ அவுன்ஸ் எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது குண்டு இருக்கும். இருபது யாரில் அவை ஒன்றாகப் போகும், ஐம்பது யாரில் பன்றியைச் சுற்றி மண்ணில் விழும். நிறையை எட்டில் ஒரு அவுன்ஸ் கூட்டினால் இன்னொரு குண்டு கிடைக்கும். பரணைக் காட்டோரத்துக்கு முப்பது யார் கிட்ட நகர்த்தினால் ஒன்பதும் கிடைக்கும். பழைய இங்கிலாந்துத் துவக்கு என்றால் அடிப்பக்க முத்திரையைத் துடைத்துப் பாருங்கள், 2½ என்று இருந்தால் 65 அறைக்கென்று பெட்டியில் எழுதிய தோட்டாவை மட்டும் கேட்டு வாங்குங்கள், அதை இன்றும் செய்கிறார்கள். கடையில் 70தான் இருக்கிறது, போட்டுப் பார்த்தேன், பூட்டுது என்று சொன்னால், சுட முன்னம் துவக்கைக் கொண்டுவாருங்கள். வெட்டித் தர என்னிடம் ரீமரும் இல்லை, பத்திரமும் இல்லை. அளந்து பார்த்துச் சொல்ல வேணியரும் கொஞ்சம் கந்தகமும் இருக்கிறது.